குடில் போடும் முன் ஒரு ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், வீட்டுத் தோட்டத்தில் சின்னதாகப் பசுமைக்குடில் போடுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். பைப் எத்தனை அங்குலம், பாலித்தீன் ஷீட் எத்தனை மைக்ரான், மொத்தம் என்ன செலவாகும் என்று எல்லாம் விவரமாக இருந்தது. குடிலை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் ஒரே ஒரு வரி. நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து, தெற்கு நோக்கி வையுங்கள் என்று. இதே ஆலோசனையைக் கேட்டு இரண்டு வருஷத்தையும் ஒரு முழு ஷீட்டையும் தொலைத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். ஊதுபத்தி விஷயத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஊட்டியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு 28 வருஷம் வண்டி ஓட்டினேன். வீடு எம். பாலாடா பக்கம், கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற பள்ளத்தாக்கில். ரோட்டிலிருந்து கிழக்கே ஓடை வரைக்கும் சரிந்து இறங்குகிற நிலம் எங்களுடையது. மூன்று அடுக்கு. மேலடுக்கு ரோட்டை ஒட்டி வெட்டவெளி. நடுவடுக்கில் வீடும் வீட்டுக்குக் கிழக்கே கொஞ்சம் காலி இடமும். கீழடுக்கு ஓடைக்கரையில் முடிகிறது.

ரிட்டையர் ஆன பணத்தில் ஒரு குடில் போட்டேன். பத்தடிக்குப் பதினைந்தடி, எட்டடி உயரம், ஜி.ஐ. பைப், 200 மைக்ரான் ஷீட். ஊட்டியில் தக்காளியும் குடமிளகாயும் வெளியில் வைத்தால் வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கும். உள்ளே வைத்தால் காய்க்கும் என்று ஆசை. போட்டுத் தந்தவர் எங்கள் சொந்தக்காரப் பையன். பெயர் சொன்னால் வீட்டில் இரண்டு நாள் சமையல் நடக்காது, விடுங்கள். அவன் வந்தான், மூன்று அடுக்கையும் ஒரு பார்வை பார்த்தான், “கீழேதான் சமமா இருக்கு மாமா, கிணறும் பக்கத்துல” என்று சொன்னான். எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் கீழடுக்கில் குடில் எழும்பிவிட்டது.

தை பிறந்து நாலாம் நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், குடிலுக்குள் இருந்த தக்காளிச் செடி எல்லாம் வெந்நீர் ஊற்றின கீரை மாதிரித் தொங்குகிறது. மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டது. வெளியே உறைபனி விழுந்தது சரி. பாலித்தீன் போர்த்தின குடிலுக்குள் எப்படி? பையனுக்கு போன் போட்டால், “பனி அதிகம் மாமா” என்றான். பனி அதிகம் என்பது எனக்கும் தெரிகிறதே!

அன்றைக்கு ஊட்டியில் ஒரு கடையில் சுவரில் மாட்டுகிற தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினேன். ஒன்று கீழே குடிலுக்குள், இன்னொன்று நடுவடுக்கில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே. அடுத்த ஐந்து நாளும் விடியற்காலை பார்த்ததில், கீழே குடிலுக்குள் இருந்ததைவிட மேலே ஜன்னலுக்கு வெளியே இரண்டு மூன்று டிகிரி கூடவே இருந்தது. இரண்டு அடுக்குக்கும் உயர வித்தியாசம் பதினைந்தடி இருக்கும், அவ்வளவுதான். போர்வை போர்த்திக்கொண்டவன் நடுங்குகிறான், சட்டையில்லாதவன் பரவாயில்லை என்கிறான். நம்ப முடியவில்லை.

ஆறாம் நாள் நாலு மணிக்கே எழுந்தேன். காற்று அசையவில்லை, வானம் துடைத்துவிட்ட மாதிரி, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட இரவில்தான் உறைபனி விழும். பூஜை அறையிலிருந்து ஊதுபத்தி ஒரு கட்டை எடுத்துக்கொண்டு, மேலடுக்கிலிருந்து ஒவ்வொரு படிக்கட்டு ஓரமாகவும் ஒன்று செருகிக்கொண்டே இறங்கினேன். வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன, குடிலுக்குப் பூஜையா?” என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். புகை மேலே போகவில்லை. ஒரு முழம் எழும்பி, வளைந்து, தரையோடு தரையாகச் சரிவில் இறங்குகிறது. தண்ணீர் வாய்க்காலில் போவது போலவே மெதுவாக, படியைத் தாண்டி, பாத்தியைத் தாண்டி, கீழே ஓடைக்கரையில் நான் எழுப்பின ஐந்தடிக் கல்சுவர் வரைக்கும் போனது. அங்கே முட்டி நின்றது. அப்படியே என் குடிலைச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

குளிர்ந்த காற்று கனம். இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தங்கும். குறுக்கே சுவரோ அடர்ந்த வேலியோ இருந்தால் அணைக்கட்டில் தண்ணீர் நிற்பது மாதிரி அங்கேயே நிற்கும். இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவனா நான்? விடியற்காலை முதல் டிரிப்பில் ஓடைப் பாலம் வந்தால் முன்கண்ணாடி முழுக்க ஆவி படியும், வைப்பர் போட்டாலும் போகாது. இரண்டு வளைவு ஏறினால் தானாகத் தெளிந்துவிடும். தலைகுந்தாவில் புல் வெள்ளையாகக் கிடக்கும் நாளில் அதற்கு மேலே மேட்டில் இருக்கிற வீட்டு வாசலில் வெறும் ஈரம்தான் இருக்கும். 28 வருஷம் தினமும் பார்த்தது. சொந்தத் தோட்டம் என்று வந்ததும் மறந்துபோனது.

பாலித்தீன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி தடுக்கிற அளவுக்குச் சாதாரணப் பாலித்தீன் இரவு வெப்பத்தைத் தடுக்காது. பகலில் மண் வாங்கின சூடு மேகமில்லாத இரவில் ஷீட்டைத் தாண்டி வானத்துக்குப் போய்விடும். உள்ளே காற்றோட்டமும் இருக்காது. அதனால் சில இரவுகளில் வெளியை விட உள்ளே குளிர் கூடுதலாகக்கூட இருக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் கிளைகளை வெட்டி வந்து மூடுகிறார்கள். தேயிலைக் கன்றுக்குத் தாவைச் செடியின் தழை போடுகிறார்கள். அந்தப் பச்சைத் தழை செய்கிற வேலையை ஒற்றை ஷீட் செய்யும் என்று நினைத்தது என் தப்பு.

சரி, பள்ளம் கூடாது என்று தெரிந்துவிட்டது. மாசி மாதம் குடிலைப் பிரித்து மேலடுக்குக்கு ஏற்றினேன். ரோட்டோரம், மரமில்லை, நிழலில்லை, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில். நாலு மாதம் ராஜா மாதிரி இருந்தேன். குடமிளகாய் பறித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன். ஆனி பிறந்தது.

நீலகிரியில் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால் மழை மட்டுமில்லை, காற்று. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவத்தில்தான் மழை அதிகம். எங்கள் மேற்குப் பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அந்தத் திசை. பையன் குடில் கதவை ரோட்டுப் பக்கம், அதாவது மேற்கே வைத்திருந்தான். போக வர வசதி. ஒரு ராத்திரி கதவின் கொக்கி கழன்றது. காற்று உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் குடையைப் பிடித்துத் தூக்குவது போலத் தூக்கிவிட்டது. சத்தம் கேட்டு வெளியே வந்தால் ஷீட் பக்கத்துத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் வேட்டி உலர்த்தின மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. பைப் மட்டும் எலும்புக்கூடாக நிற்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மேற்குப் பக்கம் ஏழடி உயரத்துக்குத் தகரம் அடித்தேன். காற்று வரட்டும் பார்க்கலாம் என்று. காற்று வந்தது. தகரத்தில் மோதி, மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழுந்து, முன்னைவிட மோசமாக உலுக்கியது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா, கேரட் வயலில் குனிந்தபடியே சொன்னார்: “தம்பி, காத்தை மறிக்காதே. சலிச்சு விடு.” அவர் தன் தோட்டத்து ஓரத்தில் கட்டியிருந்ததைக் காட்டினார். வரிசையாகச் செடி வேலி, இடைவெளி விட்ட இடத்தில் பழைய நிழல்வலை. பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கிற வேலிதான் நல்ல மறைப்பு. முழுச் சுவருக்குப் பின்னால் சுழல்தான் வரும். சலித்து விடுகிற வேலி என்றால் அதன் உயரத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு தூரம் வரைக்கும் காற்று தணிந்தே இருக்கும். ஆகவே வேலியைக் குடிலை ஒட்டி வைத்து வெயிலைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. தகரத்தைப் பிரித்துக் கோழிக்கூட்டுக்குப் போட்டேன்.

இப்போது தெற்குப் பார்த்து வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பனிநாட்டுப் புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கும். லண்டனில் டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கே ஒரு வேலி இருந்தால் போச்சு. அங்கே தெற்கு முகம் என்பது உயிர்ப் பிரச்சினை. ஊட்டியில் அதே நாள் நடுப்பகலில் 55 டிகிரி. அதோடு நாம் இருப்பது 11 டிகிரி சொச்சம் அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் ஆகஸ்ட் பிற்பகுதி வரைக்கும் நடுப்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. கோவையில் படிக்கிற என் பேத்தி பள்ளிக்கூடத்தில் நிழலில்லா நாள் பார்த்தோம் என்று ஒரு பைப் துண்டை வெயிலில் நிறுத்திக் காட்டியபோதுதான் எனக்கே உறைத்தது. இங்கே குடில் எந்தத் திசை பார்க்கிறது என்பதைவிட, எந்தப் பக்கம் எது மறைக்கிறது என்பதுதான் கேள்வி.

அதை அளக்க ஒன்றும் பெரிய கருவி வேண்டாம். மார்கழி முதல் வாரத்தில் ஒரு நாள் மூங்கில் குச்சி ஒரு கட்டு எடுத்துக்கொண்டு, காலை 8 மணி, நடுப்பகல், மாலை 3 மணி என்று வீட்டு நிழலும் மர நிழலும் எங்கே முடிகிறதோ அங்கே குத்தினேன். வருஷத்திலேயே நிழல் நீளமாக இருக்கும் நாட்கள் அவை. பத்தடிச் சுவரின் நிழல் நடுப்பகலில் வடக்கே ஏழடி போகிறது, பரவாயில்லை. அதே சுவரின் நிழல் காலை 8 மணிக்கு முப்பது அடிக்கு மேல் வடமேற்காக நீள்கிறது. கீழடுக்கில் என் முதல் குடிலுக்குப் பத்து மணி வரை வெயில் எட்டாத காரணமும் தெரிந்தது. தென்கிழக்கே பக்கத்து வீட்டுக்காரரின் சைப்ரஸ் வரிசை. ஐப்பசியில் மத்தியானம் வந்து பார்த்துவிட்டு நல்ல வெயில் என்று சொன்னவனுக்கு அது எப்படித் தெரியும்?

எங்கள் ஊரில் வெயிலுக்கு ஒரு குணம் உண்டு. காலையில் பளிச்சென்று அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு ஏறி மூடிவிடும், பல நாள் அப்படித்தான். ஆகவே இங்கே காலை வெயில்தான் கையில் கிடைக்கிற காசு, சாயங்கால வெயில் வந்தால் வரவு. கிழக்கே திறந்த இடம் இருந்தால் போதும், மேற்கே மூடியிருந்தால் பரவாயில்லை. பங்குனி, சித்திரையில் மூடினாலும் நல்லதுதான். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி அடித்தது. அன்றைக்குக் கதவைத் திறக்க மறந்த குடிலுக்குள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது இடம் இப்படித்தான் கிடைத்தது. நடுவடுக்கு, வீட்டுக்குக் கிழக்கே, சுவரிலிருந்து பன்னிரண்டடி தள்ளி. மார்கழியில்கூட வீட்டு நிழல் மூன்று மணிக்கு மேல்தான் அங்கே வருகிறது. குறுகின பக்கம் மேற்கே, கதவு கிழக்கே. காற்று வந்தால் பத்தடி முகத்தில் மோதுமே தவிரப் பதினைந்தடியில் மோதாது. கதவு காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். கூரை முகட்டுக்குக் கீழே திறக்கிற ஜன்னலும் கிழக்கே. வீடும் ஒரு சுவர்தானே, அதற்குப் பின்னால் சுழல் வராதா என்று கேட்பீர்கள். வரும். அதனால்தான் மேலடுக்கு ஓரத்தில் செடி வேலி நட்டு, அது வளரும் வரை 50 சதவீத நிழல்வலை கட்டினேன். காற்று வீட்டுக்கு வரும்போதே பாதி பலம் இழந்துதான் வருகிறது. வீட்டின் மூலையை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். மூலையில் காற்று சவுக்கு மாதிரி வளைந்து அடிக்கும், மலைப்பாதையில் வண்டி திருப்பத்தில் வாங்குகிற அடி அதுதான்.

தென்மேற்கு மூலையில் என் அப்பா வைத்த பேரி மரம் ஒன்று இருக்கிறது. குடிலுக்கு மரம் ஆகாது என்று பையன் வெட்டச் சொன்னான். நல்லவேளை வெட்டவில்லை. பனிக்காலத்தில் இலை முழுக்க உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும், வெயில் தாராளமாக இறங்கும். சித்திரையில் தழைத்து நிழல் தரும். நாம் வலையை ஏற்றி இறக்குகிற வேலையை அது சம்பளம் இல்லாமல் செய்கிறது. பிளம்ஸ், பீச் எல்லாம் இதே ரகம். நாங்கள் கற்பூர மரம் என்று சொல்கிற யூகலிப்டஸும் சைப்ரஸும் அப்படியில்லை, வருஷம் முழுக்க இருட்டு. கற்பூர மரக் கிளை காற்றில் ஒடிந்து விழுந்தால் குடிலே இருக்காது. அந்த மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளிப் போக வேண்டும். பேரியிலும் ஒரு தொல்லை, ஆடியில் காய் ஷீட்டில் விழுந்து தொம் தொம் என்று சத்தம். தூக்கம் கெடுகிறது, அவ்வளவுதான். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் காட்டுமாடு உரசுவதில்லை, குரங்குக்கும் கொஞ்சம் பயம்.

சமதளம் இல்லையே என்று மேட்டை வெட்டிச் சமப்படுத்த நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள். அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். குடிலுக்காக மேட்டை வெட்ட வேண்டாம். பைப்பின் காலை ஒரு பக்கம் நீளமாக வைத்துக்கொள்ளலாம். மேலடுக்குத் தண்ணீர் குடிலுக்குள் வராமல் சுற்றிலும் ஒரு சின்ன வாய்க்கால் போதும்.

உள்ளே வடக்கு ஓரமாக 200 லிட்டர் நீல டிரம் இரண்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். பகலில் சூடு வாங்கி ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக விடும். கீழே கல்சுவரின் மூலையில் இரண்டடி அகலத்துக்குக் கல்லை எடுத்துவிட்டேன். மறுபடி ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன். புகை அந்த இடைவெளி வழியாக ஓடைக்கு நழுவிப் போகிறது. போன தையில் குடிலுக்குள் தெர்மாமீட்டர் நாலு டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

கோவையில் இருக்கும் என் மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, மொட்டை மாடியில் நானும் ஒன்று போடுகிறேன் என்றாள். அங்கே எல்லாமே தலைகீழ். பாலித்தீனே வேண்டாம் என்று சொன்னேன், வலை மட்டும். மாடிப்படி அறைக்குக் கிழக்கே வை, மத்தியானத்துக்கு மேல் அந்த அறையின் நிழல் விழட்டும். வைகாசியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், அதற்கும் அந்த அறைதான் மறைப்பு. அதன் மூலையை ஒட்டி மட்டும் நிறுத்தாதே என்றேன். மாடித் தரையில் துளை போடாமல், மணல் நிரப்பின பெயின்ட் வாளிகளில் காலை நிறுத்திக் கட்டச் சொன்னேன். என் குடிலை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் அவள் மாடியில் வைத்தால் சித்திரையில் செடி அவிந்துபோகும். அவளுடையதை இங்கே வைத்தால் தையில் விறைத்துப்போகும். ஒரே வரியில் தெற்கு பார்த்து வை என்று இரண்டு பேருக்கும் சொன்னால் எப்படி?

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை குடில் பற்றிப் போடும்போது, விலைப்பட்டியலுக்கு முன்னால் இடம் பார்ப்பதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மார்கழியில் ஒரு தடவை, ஆனியில் ஒரு தடவை வந்து பார்க்காமல் இடம் குறிக்கிறவர்களிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள். என் பெயரைப் போட வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

கீழடுக்கில் பழைய குடில் இருந்த இடத்தில் இப்போது முட்டைக்கோஸ் வைத்திருக்கிறேன். காலையில் பார்த்தால் தலையெல்லாம் வெள்ளையாக இருக்கும், பத்து மணிக்கு வெயில் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
எம். பாலாடா, நீலகிரி.